அப்ரைசலில் ரேட்டிங் குறைந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்ரைசலில், அதாவது அலுவலகத்தில் வருஷா வருஷம் நம் வேலையை மதிப்பிடுவதில், எதிர்பார்த்த ரேட்டிங் வராத அன்று இரவே ராஜினாமாக் கடிதம் எழுத உட்காருவது முதல் தவறு. மேனேஜரின் அறையிலேயே மல்லுக்கு நிற்பது அதைவிடப் பெரிய தவறு. கோபத்தில் சொன்ன ஒரு சொல் போதும், நம் பக்கத்து நியாயம் எடுபடாமல் போய்விடும். "யோசித்துவிட்டு வருகிறேன் சார், நாளை மறுநாள் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வருவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

பொத்தாம்பொதுவான குறையை அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவதுதான் மனத்தை அதிகம் ஒடிக்கிறது. காரைக்குடியில் நகைக்கடன் நிறுவனக் கிளை ஒன்றில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பெண்ணுக்கு, 'வாடிக்கையாளர் தொடர்பு போதாது' என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போய், "எந்த வாடிக்கையாளர், எந்த மாதம் என்று சொன்னால் திருத்திக்கொள்வேன் சார்" என்று கேட்டாள். மேனேஜர் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். மார்ச்சில் இரண்டு புகார்கள். ஒன்று, அவள் விடுப்பில் இருந்த நாளில் வந்தது. மற்றொன்று உண்மை: வட்டி கட்ட வேண்டிய கடைசித் தேதியைப் போனில் சொன்னவள், எழுத்தில் அனுப்பவில்லை. ரேட்டிங் மாறவில்லை. ஆனால் 'எனக்கு மனிதர்களிடம் பேசத் தெரியவில்லை' என்று அவளைக் குடைந்துகொண்டிருந்தது அன்றோடு நின்றது. தகவலை எழுத்திலும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. குளூகர், டெனிசி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட கட்டுரையில் ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வதால் என்ன ஆகிறது என்பது குறித்த 600க்கு மேற்பட்ட முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கருத்துச் சொன்ன பிறகு வேலைத்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் திரும்பும்போது இப்படி ஆகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

பக்கத்து மேசைக்காரரின் ரேட்டிங்கைத் துருவித் துருவி விசாரிப்பதால் தூக்கம்தான் கெடும். சில நிறுவனங்களில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று விகிதம் வைத்தே பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அதன் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய முறை இது. மைக்ரோசாஃப்ட் 2013இல் இதைக் கைவிட்டது. அந்த விகிதத்தில் யாராவது ஒருவர் கீழே விழுந்தே ஆக வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் 'ஆபீஸ் அரசியல்' என்று தள்ளிவிட்டால், உண்மையான குறை அப்படியே தங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியிலேயே, "தம்பி, இந்த வருஷம் எவ்வளவு கூட்டினார்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். அங்கே புலம்ப வேண்டாம்; பொய்யும் வேண்டாம். "பரவாயில்லை அய்யா" போதும். ஆனால் வீட்டில் அப்பச்சியிடமோ ஆத்தாவிடமோ மறைத்து, மாதக்கணக்கில் தனியாகப் புழுங்கிக்கொண்டிருப்பதை எந்த விதத்திலும் என்னால் ஏற்க முடியாது.

கடைசியாக, வருஷம் முழுவதும் எதையும் குறித்துவைக்காமல் இருப்பது. பெரும்பாலான மேனேஜர்களுக்குக் கடைசி இரண்டு மூன்று மாதங்கள்தான் நினைவில் நிற்கும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்கில் கொண்டுவிற்க, அதாவது முதலாளிக்காக வட்டிக்கடை நடத்த, போன நம் செட்டிநாட்டு ஏஜெண்டுகளுக்காகப் பேசியது பேரேடும் ஐந்தொகையும் ஆகிய கணக்குகள்தான். முதலாளியின் ஞாபகத்தை நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. நீங்களும் முடித்த வேலை, கிடைத்த பாராட்டு, தீர்த்துவைத்த சிக்கல் எல்லாவற்றையும் தேதி போட்டு வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதுங்கள். மேனேஜரிடம் பேசி முடிந்ததும், ஒப்புக்கொண்ட இலக்குகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பேச அரைமணி நேரம் ஒதுக்கித் தரும்படி அதிலேயே கேளுங்கள். நேரம் தரவில்லை என்றால், கேட்ட தேதியையும் அந்த நோட்டில் எழுதிவையுங்கள்.