ஏசி அரங்கில் மிருதங்கம்: சுருதியை எப்போது சேர்ப்பது?

மார்கழியில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை சபாக்களில் வாசிக்கும் தம்பிகளுக்கு ஒரு சின்ன விஷயம். கிரீன் ரூமில் கச்சிதமாகச் சேர்த்த சுருதி, மேடையில் தொடக்க உருப்படியான வர்ணம் முடிவதற்குள் ஏறிவிடும். தோல் ஈரத்தை இழுத்தால் தளரும், காய்ந்தால் இறுகும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றிலிருந்து காய்ந்த ஏசி காற்றுக்குள் போகிறோம், அதுதான் காரணம்.

எனவே அரை மணி நேரம் முன்பே போய், உறையைக் கழற்றி வாத்தியத்தை மேடையிலேயே வைத்துவிடுங்கள். முந்தின கச்சேரி ஓடிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில், அதே ஏசி படும் இடமாகப் பார்த்து வையுங்கள். ஏசி காற்று நேரே வாத்தியத்தின் முகத்தில் அடிக்கிற இடம் மட்டும் வேண்டாம். கிரீன் ரூமில் தோராயமாகச் சேர்த்தால் போதும், கடைசிக் கை மேடையில்தான். சுருதி சேர்க்கத் தட்டும் கல்லும் கட்டையும் பைக்குள் அல்ல, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ஒட்டும் ரவையும் ஏசியில் சீக்கிரம் காயும். ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு முன் விரலால் லேசாகத் தடவிக்கொள்ளலாம். பாடகர் அடுத்த பாட்டை யோசிக்கும் இடைவெளியே அதற்குத் தாராளம்.

கச்சேரி முடிந்ததும் கேன்டீன் தோசை கூப்பிடும், தெரியும். முதலில் ரவையைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்படியே மூடி வைத்தால் தோல் கெட்டுப்போகும். வெயிலில் நிற்கும் காரிலும் விட்டு வைக்காதீர்கள்.