காஸ்மிக் கதிரை அளக்கப் பலூன் விடுகிறீர்களா? கிலோமீட்டரை நம்பாதீர்கள்

பேட்டரி தீர்வது, பழைய ஜிபிஎஸ் 18 கி.மீ.க்கு மேல் ஊமையாவது எல்லாம் முதல் பலூனிலேயே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதியவர்கள் கொண்டுவந்து காட்டும் வரைபடங்களில் என் பழைய தவறுகளே எட்டிப் பார்க்கின்றன, அதனால்தான் இது.

உயரத்தை வைத்து ஒப்பிடுவது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கோடையில் ஒரு பலூன், குளிர்காலத்தில் ஒன்று, இரண்டிலும் கதிர்களை எண்ணும் அதே கைகர் குழாய். 10 கி.மீ. உயரத்தில் குளிர்கால எண்ணிக்கை ஏழெட்டு சதவீதம் கூடுதல். சூரியன் அடங்கிவிட்டது, விண்வெளியிலிருந்து வரும் கதிரை அது தடுப்பது குறைந்து கதிர் கூடிவிட்டது என்று முடிவுகட்டி, மூன்று வாரம் சூரியப்புள்ளிக் கணக்குகளில் மூழ்கிக் கிடந்தேன். அப்புறம் நண்பர் ஒருவர் கேட்டார்: "அன்றைக்கு மேலே எவ்வளவு காற்று இருந்தது?"

கதிருக்குக் கிலோமீட்டர் தெரியாது. எவ்வளவு காற்றைத் துளைத்து வந்தோம் என்பதுதான் அதற்குக் கணக்கு. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல் சுமார் 1,033 கிராம் காற்று, 10 கி.மீ.யில் ஏறக்குறைய 270 கிராம்தான். குளிர்ந்த காற்று சுருங்கிக் கீழே படிவதால், அதே 10 கி.மீ.யில் அன்று அழுத்தம் 15 ஹெக்டோபாஸ்கல் குறைவு. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எண்ணிக்கை அரை சதவீதம் கூடும் என்று போட்டுப் பாருங்கள், என் 'கண்டுபிடிப்பு' முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். சூரியப் புயலுக்குப் பின் கதிர் திடீரெனக் குறையும் ஃபோர்புஷ் சரிவே பெரும்பாலும் சில சதவீதம்தான்!

எண்ணிக்கை மிக அதிகமாகும் இடம் 20 கி.மீ.யை ஒட்டிய ரெகெனர்–ஃபோட்சர் உச்சம்; அங்கே வளைகோடு தட்டை. அங்கே உயரத்தை வைத்து ஒப்பிட்டாலும் பெரிய பிழை தெரியாது. அதைப் பார்த்து 'சரி, முறை சரிதான்' என்று நம்பிவிடுகிறோம்.

அழுத்தத்தை வைத்தே வரையுங்கள். அதிலும் ஒரு பொறி: விலை குறைந்த உணரிகள் பல 300 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே உத்தரவாதம் தருவதில்லை. அது வெறும் 9 கி.மீ. 10 ஹெக்டோபாஸ்கல் வரை படிக்கும் உணரியை வாங்குங்கள்.

ஒரு நிமிடத் தரவைக் கொண்டாடுவது

600 எண்ணிக்கை என்றால் தற்செயலான ஏற்ற இறக்கமே சுமார் 24, அதாவது 4 சதவீதம். 1 சதவீதத் துல்லியத்துக்கு 10,000 வேண்டும்.

குழாயின் உயர் மின்னழுத்த இணைப்புகளைத் திறந்து வைப்பது

மெல்லிய காற்றில் மின்பொறி பாயும். அதையும் கதிராக எண்ணிவிடும். மின்காப்புப் பொருளைப் பூசி மூடுங்கள்.

அட்சரேகையை மறப்பது

புவிகாந்தம் துருவத்தருகே உள்ளே விடும் கதிர்களை நிலநடுக்கோட்டருகே தடுத்துவிடும்.

ஒற்றைக் குழாயோடு பறப்பது

வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இருக்கட்டும்.