வெறும் லிங்க் போடுவதை நிறுத்தினோம்

கல்லூரி நண்பர்கள் ஐந்து பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. படித்தது, பார்த்தது எல்லாம் அதில்தான் வரும். போன வருடம் கவனித்தேன், யாரும் எதையும் திறப்பதில்லை. ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேர உரையை அனுப்பி ‘பாருடா’ என்றால் யார் பார்ப்பார்கள்? நானும் பார்க்கவில்லை. அது வருத்தமாக இருந்தது. அனுப்பியவன் ஆசையாகத்தானே அனுப்புகிறான்!

சரி என்று ஒரு வழக்கம் வைத்தோம். லிங்க்கோடு இரண்டு வரி: எதைப் பற்றி, ஏன் பிடித்தது. ‘38வது நிமிடத்தில் ஏரி மடையைத் திறப்பது எப்படி என்று ஒரு பெரியவர் கையால் காட்டுகிறார், அதை மட்டுமாவது பார்’ என்று ஒருவன் எழுதினான். அன்றைக்கே மூன்று பேர் பார்த்துவிட்டோம். கணினியில் யூடியூபின் ஷேர் பொத்தானை அழுத்தினால், எந்த இடத்திலிருந்து ஓட வேண்டும் என்று டிக் செய்யும் கட்டம் இருக்கிறது. இப்போது எல்லாரும் அப்படியே அனுப்புகிறோம்.

பழையதைத் தேட, குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போய், மீடியா, லிங்க், டாக்ஸ் என்ற இடத்தில் லிங்க் பகுதியைத் திறந்தால் லிங்க்குகள் மட்டும் வரிசையாக நிற்கும். நான் ரொம்ப நாள் மேலே தள்ளித் தள்ளியே தேடியிருக்கிறேன். செத்துப்போன பக்கமென்றால் முகவரியை வேபேக் மெஷினில், அதாவது பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளத்தில், போடுவேன். அப்படித்தான் மூடிப்போன ஒரு வலைப்பூவின் பனங்கிழங்குக் கட்டுரை திரும்பக் கிடைத்தது. அப்புறம் அதைப் பிடிஎஃப் ஆக்கியே குழுவில் போட்டேன்.