கெமிக்கல் லிஸ்ட்ல பேரை நம்பாதீங்க, இன்ச்சி கீ போடுங்க

ரெண்டு லேபோட எக்ஸெல் ஷீட்டை ஒண்ணா சேர்க்கணும்னு வைங்க, ஒண்ணுல பாராசிட்டமால்னு இருக்கு இன்னொண்ணுல அசிட்டமினோஃபென்னு இருக்கு, ரெண்டும் ஒரே மருந்துதான், ஆனா எக்ஸெலுக்கு அது எப்படி தெரியும்? ஸ்மைல்ஸ் (மூலக்கூறை ஒரே வரியில எழுத்தா எழுதுற முறை) வச்சு மேட்ச் பண்ணலாமேன்னு தோணும், ஆனா எத்தனாலை சிசிஓன்னும் எழுதலாம் ஓசிசின்னும் எழுதலாம், ரெண்டுமே சரி. சிஏஎஸ் நம்பர் ஓகே, ஆனா அது ஒரு அமைப்பு பதிவு பண்ணி குடுக்குற நம்பர், ஸ்ட்ரக்சரை வச்சு நாமளா கணக்கு பண்ணி எடுக்க முடியாது.

இன்ச்சி அப்படியில்ல, அது ஸ்ட்ரக்சரை வச்சே எழுதுற அடையாளம், ஐயுபிஏசிங்கிற சர்வதேச வேதியியல் அமைப்பு கொண்டுவந்தது, 2005ல முதல் வெர்ஷன், சாஃப்ட்வேர் ஃப்ரீ. மூலக்கூறை அடுக்கடுக்கா எழுதும்: முதல்ல ஃபார்முலா, அப்புறம் எந்த அணு எதோட சேர்ந்திருக்கு (எத்தனாலுக்கு 1-2-3, அதாவது கார்பன், கார்பன், ஆக்சிஜன்), அப்புறம் எதுல எத்தனை ஹைட்ரஜன். பெரிய மூலக்கூறுன்னா இது ரொம்ப நீளமாகிடும், அதனால அதை ஹாஷ்ங்கிற ஒருவழி கணக்கு போட்டு 27 கேரக்டரா சுருக்குறதுதான் இன்ச்சி கீ.

பப்கெம்ங்கிற கெமிக்கல் டேட்டாபேஸ் சைட்டுக்கு போய் மருந்து பேரை தேடுங்க, நேம்ஸ் அண்ட் ஐடென்டிஃபையர்ஸ் பகுதியில இன்ச்சி, இன்ச்சி கீ ரெண்டுமே இருக்கும், காப்பி பண்ணி ஆளுக்கொரு காலம்ல போடுங்க. கீ மட்டும் போதும்னு விட்றாதீங்க, கீயிலிருந்து கணக்கு போட்டு ஸ்ட்ரக்சரை திருப்பி எடுக்க முடியாது. லிஸ்ட் பெருசுன்னா பைத்தான்ல ஆர்டிகிட்ங்கிற கெமிஸ்ட்ரி லைப்ரரி போட்டு மொத்தமா எடுத்துக்கலாம். அப்புறம் கீ காலம் வச்சு விலுக்அப் (எக்ஸெல்ல தேடி மேட்ச் பண்ற ஃபங்ஷன்) போட்டா வேலை முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு சொன்னேன், ஆனா நிறைய பேர் கோட்டை விடுற இடம் கீயோட நடு பிளாக்தான் (கீயில நடுவுல கோடு போட்டு மூணு பிளாக்கா பிரிச்சிருக்கும்). முதல் 14 எழுத்து அணுக்கள் எப்படி கோத்திருக்குங்கிறது, அடுத்த பிளாக்ல ஸ்டீரியோ (கண்ணாடி பிம்பம் மாதிரி வலது இடது வடிவ வித்தியாசம்), ஐசோடோப் சமாச்சாரம். அது யு எச் எஃப் எஃப் எஃப் ஏ ஓ ஒய் எஸ் ஏன்னு இருந்தா ஸ்டீரியோவும் இல்ல ஐசோடோப்பும் இல்லன்னு அர்த்தம். எத்தனாலுக்கு அது சரி, ஆனா எஸ்-இபுப்ரோஃபென்னு பாட்டில்ல எழுதியிருக்க, கீயில இது வந்தா யாரோ ஸ்டீரியோவை காட்டுற வெட்ஜ் பாண்டு போடாம வரைஞ்சிருக்காங்க, போய் திருத்துங்க. வலது இடது வடிவம் எல்லாத்தையும் சேர்த்து தேடணும்னா லெஃப்ட் ஃபங்ஷன்ல 14 போட்டு முதல் பிளாக்கை மட்டும் மேட்ச் பண்ணுங்க.

பாலிமர், கலவை, பிராண்டு பேர்ல வர்ற ரெசின் இதுக்கெல்லாம் கீ தேடி மண்டைய உடைக்காதீங்க, கீ காலம்ல எதுவும் போடாம விட்டுட்டு சப்ளையர் கேட்லாக் நம்பர் எழுதிடுங்க.