ரீவி மாற்ற முதல் தூரத்தை அளவுங்கள்

4கேயை விட இன்னும் நுண்ணிய புள்ளிகளால் படம் காட்டும் 8கே ரீவிக்காகக் காத்திருக்க முதல், செற்றியில் உங்கள் தலை சாயும் இடத்திலிருந்து திரை வரை நாடா பிடித்து அளந்து பாருங்கள். 55 அங்குலத் திரையில் 4கே படத்தின் புள்ளிகளைச் சாதாரண நல்ல பார்வை ஏறக்குறைய மூன்றரை அடி வரைதான் பிரித்தறியும். அதைவிடப் பெரிய புள்ளிகள் கொண்ட ஃபுல் எச்டி என்றால் 7 அடி வரை. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் செற்றி ஒரு சுவரோடு, ரீவி எதிர்ச் சுவரில், இடையில் 9, 10 அடி. அங்கே 8கேக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்கே தெரியாது. நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள், உடனே கேட்கும்.

ரீவியை மேசையில் வைத்துக் கணினித் திரையாகப் பாவிப்பவர்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. எச்டிஆர் (படத்தின் வெளிச்ச, நிற வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) தரும் வெளிச்சமும் நிறமும் வேறு விஷயம், அது எந்தத் தூரத்திலும் தெரியும்.