மூடுபனியில் நாலு இண்டிகேட்டரும் வேறு சில தவறுகளும்

ஐப்பசி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையம் - கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனைக்கு மேலே எந்த நேரத்தில் வெள்ளை இறங்கும் என்று சொல்ல முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் ஒரு புது வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பூஜை போட்ட மாலைகூட வாடவில்லை. நாலு இண்டிகேட்டரும் மின்ன, பதினைந்தில் உருட்டிக்கொண்டு போனார்கள். எரிச்சலாக இருந்தது. திட்டவும் முடியவில்லை, ஏனென்றால் புதிதில் நானும் அப்படியேதான் ஓட்டினேன்.

பிரைட் போட்டால் பனித்துளிகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பி எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும், டிம்மில்தான் ஓட்ட வேண்டும். இது ஒரே வளைவில் யாருக்கும் புரிந்துவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். தானாகப் புரியாத சில விஷயங்கள் இருக்கின்றன.

முன்னால் எரிந்தால் பின்னாலும் எரிகிறது என்று நம்புவது

இப்போதைய பல வண்டிகளில் இன்ஜினைப் போட்டதும் முன்னால் டிஆர்எல் என்கிற பகல் விளக்கு தானாக எரியும். மீட்டரும் எப்போதும் பளிச்சென்று இருக்கும். பழைய வண்டிகளில் லைட் போடாவிட்டால் மீட்டர் இருட்டாகக் கிடக்கும், அதுவே ஞாபகப்படுத்தும். இப்போது அந்த வசதி போய்விட்டது. பல வண்டிகளில் டிஆர்எல் மட்டும் எரியும்போது பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுகூட இருக்காது.

லைட் சுவிட்சை 'ஆட்டோ'வில் வைத்திருக்கிறேன், தானாக எரியும் என்பார்கள். அந்த சென்சார் பார்ப்பது வெளிச்சத்தை, பனியை அல்ல. பகல் பதினொரு மணிப் பனி நல்ல வெள்ளை வெளிச்சம், சென்சார் சும்மா இருந்துவிடும். கையால் திருகி ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒருமுறை இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓடும் வண்டியில் நாலு இண்டிகேட்டர்

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே சொன்னதுதான்: "பனி வந்தா நாலையும் தட்டி விட்டுரு, பின்னால வர்றவனுக்குத் தெரியும்." நம்பினேன்.

2008 டிசம்பர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, குஞ்சப்பனையிலிருந்து நாலும் மின்ன ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஜீப், காலி கேரட் மூட்டைச் சாக்குகளோடு, மூன்று கிலோமீட்டராகப் பொறுமையாக வந்தது. வலப்பக்கம் ஒரு டீக்கடை மங்கலாகத் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன், வலது இண்டிகேட்டரைத் தட்டினேன், திருப்பினேன். டிக் டிக் சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதானே இருந்தது, அதனால் எதுவும் மாறவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பெரும்பாலான வண்டிகளில் நாலும் மின்னும்போது ஒரு பக்க இண்டிகேட்டர் போட்டால் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. ஜீப்காரருக்குத் தெரிந்தது, மின்னிக்கொண்டே வேகம் குறையும் ஒரு வண்டி. நிறுத்துகிறேன் என்று நினைத்து வலப்பக்கமாக ஏறி வந்தார். என் கதவும் சைடு மிர்ரரும் அவர் பம்பரோடு போயின.

இறங்கிக் கத்தினேன். அவர் கத்தவில்லை. "ஏனுங்க, நாலும் மின்னுச்சு, நிக்கறீங்கன்னு நெனச்சனுங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நாலும் மின்னினால் 'நான் நிற்கிறேன், என்னைச் சுற்றிப் போ' என்றுதான் அர்த்தம். கதவுக்கும் பெயின்ட்டுக்கும் 14,000 ரூபாய். இன்சூரன்ஸில் போட்டதால் அடுத்த வருஷம் நோ கிளைம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடியும் போனது.

இதில் இன்னும் மோசமானது ஒன்று உண்டு. எல்லோரும் மின்னிக்கொண்டே ஓட்டினால், டயர் வெடித்து உண்மையிலேயே நிற்கும் வண்டியை எப்படி அடையாளம் காண்பது? அதுவும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அதன் முதுகுவரை போய்விடுவோம். அப்புறம் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் ஒரு பக்கம் மட்டும்தான் கண்ணில் படும். அந்த ஒரு பக்கம் மின்னினால் அது இண்டிகேட்டர் போலத்தான் தெரியும், ஆள் திரும்பப் போகிறார் என்று நினைப்போம். சீராக எரியும் சிவப்பு விளக்கை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாம். எரிந்து அணைந்து எரிந்து அணைந்து வருவதை வைத்து, அதுவும் பனிக்குள், கணிப்பது கஷ்டம்.

நாலு இண்டிகேட்டருக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. வளைவு திரும்பியதும் முன்னால் திடீரென்று எல்லாம் நிற்கிறதா, நாலைந்து முறை மின்னவிட்டுப் பின்னால் வருபவரை எச்சரியுங்கள். அவர் வேகம் குறைத்ததும் அணைத்துவிடுங்கள். ஒன்றுமே தெரியவில்லையா, தார் ரோட்டை விட்டு முழுதாக இறங்கும்படி அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, அதன்பிறகு போடுங்கள். ஓடும்போது பின்னால் தெரிய வேண்டும் என்றால் அதற்குத்தான் டெயில் லைட் இருக்கிறது, ஹெட்லைட்டைப் போட்டால் தானாக எரியும்.

சின்ன லைட்டை மட்டும் போட்டு ஓட்டுவது

அது பார்க்கிங் லைட், நிறுத்திய வண்டிக்கு.

பின்பக்க ஃபாக் லைட்டை மறந்துவிடுவது

மீட்டரில் பச்சையில் இடப்பக்கம் பார்த்த விளக்கு, சாய்ந்த கோடுகளைக் குறுக்கே ஒரு நெளிகோடு வெட்டும்: முன் ஃபாக் லைட். மஞ்சளில் வலப்பக்கம் பார்த்த விளக்கு: பின்பக்கத்தது. எல்லா வண்டியிலும் இருக்காது, இருந்தால் நல்ல வரப்பிரசாதம். டெயில் லைட்டைவிட அதன் சிவப்பு பல மடங்கு பலமானது. அதனாலேயே பனி விலகிய பிறகும் அது எரிந்தால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும், பிரேக் விளக்கு எது என்றும் தெரியாது. சமவெளிக்கு இறங்கி அன்னூர் வரைக்கும் அதை எரியவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் பல்பு மாட்டினால் பனியைக் கிழிக்கும் என்பது

கிழிக்காது. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் சிலருக்குக் கண் கூசாமல் இருக்கும், அவ்வளவுதான். ஃபாக் லைட் வேலை செய்வது அது தாழ்வாக இருப்பதாலும், வெளிச்சத்தை அகலமாகவும் தட்டையாகவும் தரையில் விரிப்பதாலும். வளைவில் வெள்ளைக்கோடும் ஓரத் தடுப்புச்சுவரும் அதில்தான் தெரியும். தூரம் காட்டாது, அது டிம் லைட்டுக்குத் துணை மட்டுமே. ஹாலஜன் பல்புக்கான விளக்குக் கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் மேலே சிதறி அந்தத் தட்டை வடிவமே கெட்டுவிடும். காசு கொடுத்துப் பனிச்சுவரை நீங்களே கட்டிக்கொள்வது அது.

ஆளும் பெட்டியும் ஏறிய பிறகு ஹெட்லைட் லெவலைத் திருப்பாமல் விடுவது

பின்னால் மூன்று பேர், டிக்கியில் பெட்டிகள் என்றால் வண்டியின் மூக்கு தூக்கும். டிம் லைட்டும் எதிரே வருபவர் கண்ணுக்கு பிரைட் ஆகிவிடும். ஹெட்லைட் வெளிச்சத்தைத் தாழ்த்த, பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். லோடுக்கு ஏற்ப 2, 3 என்று திருப்புங்கள்.

பஸ்ஸின் வாலைப் பிடித்துப் போவது

பஸ் டிரைவருக்கு வளைவு மனப்பாடம். உங்களுக்கு இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர், அவர் பிரேக் போட்டால் நீங்கள் சுதாரிப்பதற்குள் இடைவெளி தீர்ந்துவிடும்.

பனி எங்கே இருக்கிறது என்று பார்க்காதது

சில சமயம் வெளியே ஒன்றும் இருக்காது. ஐந்து பேர் மூச்சு கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருக்கும், வைப்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். விரலால் உள்ளே ஒரு கோடு இழுங்கள். ஈரம் வந்தால் ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்துவிடுங்கள். குளிருதே என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். சூட்டுப் பக்கம் திருகினாலும் ஏசி ஓடலாம், ஈரத்தை எடுக்கும்.