பழைய ராணுவ ரைஃபிள்: உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

சோவியத் யூனியன் உடைந்த பிறகு, கிடங்குகளில் பெட்டி பெட்டியாக அடைந்து கிடந்த மோசின்-நாகாந்த் என்ற பழைய ராணுவ ரைஃபிள்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்து குவிந்தன. நல்ல நிலையில் இருந்தவைகூட ஒரு காலத்தில் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தன. அந்த விலைக்கு வாங்கியதை யாரும் அரும்பொருளாகப் பார்க்கவில்லை. ஒரு வார இறுதியில் கட்டையை, அதாவது ரைஃபிளின் மரப் பகுதியைக் கழற்றி, இழைத்து, வார்னிஷ் அடித்துப் பளபளவென்று சுவரில் மாட்டிவிட்டார்கள். இன்று அதே மாடலுக்கு விலை பல மடங்கு. தேய்க்காமல் விட்டவர்களுக்குத்தான் அந்த விலை.

அதற்காகப் பழைய ரைஃபிள் எதையும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவற்றுக்குச் சுத்தம் செய்தாலே போதும், புதுப்பிக்கத் தேவையில்லை. சிலவற்றைத் தாராளமாகப் புதுப்பிக்கலாம். கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவதில்தான் சிக்கல்.

அழுக்கையும் பூச்சையும் ஒன்றாக நினைப்பது முதல் தவறு. கிடங்கில் துருப் பிடிக்காமல் இருக்க ரைஃபிளின் மேல் காஸ்மோலின் என்ற கெட்டியான கிரீஸைப் பூசி வைப்பார்கள். பல வருடம் கழித்து அது பழுப்பு மெழுகுபோல இறுகிவிடும். அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தால் வந்துவிடும். கட்டைக்குள் ஊறிப்போனதை எடுக்க, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நல்ல வெயிலில் வைப்பவர்கள் உண்டு. சூட்டில் கசிந்து வெளியே வரும், துடைத்துக்கொள்ளலாம். அந்தக் கிரீஸுக்கு அடியில் இருக்கும் செம்பழுப்புப் பூச்சுதான் கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பழுதுபார்ப்புக் கூடங்களில் மோசின் கட்டைகளுக்கு அரக்குப் பூசினார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று ஆல்கஹால் ஊற்றித் துடைத்தால் கிரீஸோடு அரக்கும் கழன்று வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் மெஷினில் கட்டையைப் போடுவது, ஓவன் கிளீனர் தெளிப்பது போன்ற கொடுமைகளும் நடக்கின்றன. வெந்நீரில் மரம் ஊதி நார் எழும்பும். ஓவன் கிளீனரில் இருக்கும் காரம் மரத்தைக் கருக்கடித்துவிடும். பிறகு அதைச் சரிசெய்கிறேன் என்று உப்புத்தாளைத் தேடுவார்கள்.

உப்புத்தாள் செய்யும் சேதம்

ஒரு ராணுவ ரைஃபிளின் வரலாற்றில் பாதி அதன் மரத்தில் இருக்கிறது. 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 கராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட ரைஃபிள் அது. கட்டையின் பக்கவாட்டில் பரிசோதகரின் எழுத்துகள், கைப்பிடியில் வட்டத்துக்குள் 'பி' முத்திரை, பின்னாளில் மறுசீரமைத்த கூடத்தின் முத்திரை என்று வரிசையாக இருக்கும். இவையெல்லாம் மரத்தில் மெல்லியதாக அழுத்திய அச்சுகள். உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்தாலே மங்கிவிடும், எட்டு இழுப்பில் காணாமலே போகும். போனது போனதுதான். புதிதாக முத்திரை வெட்டி அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர்களிடம் அதற்குப் பெயர் போலி.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் மரம் இரும்பைவிட இம்மி மேலாகவோ அதே மட்டத்திலோ இருக்கும்படிதான் அந்தக் காலத்தில் பொருத்தினார்கள். தேய்த்த கட்டையில் மரம் உள்வாங்கி, இரும்பு விளிம்பு துருத்திக்கொண்டு தெரியும். முத்திரை இல்லாத கட்டையிலும் இதை வைத்தே, தேய்த்தது என்று விவரமறிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

பள்ளங்களை எடுக்க ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைக்கும் முறை உண்டு. நீராவியில் அமுங்கிய நார் உப்பி எழும். உப்புத்தாளைவிட எவ்வளவோ மேல். ஆனால் முத்திரையும் அமுங்கிய நார்தானே? அதன் பக்கத்தில் நீராவி பட்டால் அதுவும் சேர்ந்து எழும்பிவிடும். அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், பள்ளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பழுது என்று தோன்றுபவை

நம் நாட்டோடு தொடர்புள்ள லீ-என்ஃபீல்ட் ரைஃபிள்தான் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைஃபிள்கள் உபரியாக மேல்நாட்டுச் சந்தைக்குப் போயின. அவற்றில் சிலவற்றின் முன்கட்டையைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி சுற்றியிருக்கும். யாரோ உடைந்த கட்டையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கம்பியை அறுத்து எறிந்தவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது கையெறி குண்டை ரைஃபிளிலிருந்து ஏவும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ராணுவமே சுற்றியது. முன்கட்டையின் குறுக்கே தெரியும் ஒரு திருகாணியும் அப்படித்தான். மரம் பிளக்காமல் இருக்க வைத்தது. சேகரிப்பாளர்கள் அதை இஷாப்பூர் திருகு என்றே அழைக்கிறார்கள்.

பின்லாந்து ராணுவம் பயன்படுத்திய மோசின்களில் இரண்டு மரத் துண்டுகளை விரல் கோத்ததுபோல இணைத்த கட்டைகளைப் பார்க்கலாம். அது ஒட்டுவேலை அல்ல, அவர்கள் தயாரித்த முறையே அது. ஜப்பானின் அரிசாகா ரைஃபிளில் மேலே இருந்த, பேரரசரைக் குறிக்கும் சாமந்திப்பூச் சின்னம் பெரும்பாலும் அராவி அழிக்கப்பட்டிருக்கும். சரணடைந்தபோது செய்தது அது. அந்தக் கீறல்களைப் பாலிஷ் போட்டு மறைத்தால் அந்த ரைஃபிள் கடந்து வந்த 1945-ஐயே மறைத்ததாகிவிடும். ரைஃபிளின் தொடர் எண்ணின் மேல் கோடு இழுத்துப் புது எண் அடித்திருந்தால் அதையும் அப்படியே விடுங்கள்.

இரும்பில் தவறுவது இன்னும் எளிது. கராண்டின் இரும்புக்கு இருப்பது பாஸ்பேட் பூச்சு. மங்கலான சாம்பல் நிறம், தொட்டால் சொரசொரப்பு. அதை இயந்திரத்தில் மெருகேற்றிப் பளபளக்கும் நீலக் கறுப்பு ஏற்றினால், எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு துப்பாக்கி கிடைக்கும்.

ஆனால் செந்துருவை 'பழமையின் அழகு' என்று விட்டுவைப்பதும் தவறு. பழுப்பேறிய பழைய பரப்பு வேறு, விரலில் ஒட்டும் செந்துரு வேறு. பின்னது இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். லேசாக இருந்தால் எண்ணெயும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சும் போதும். பரவலாக இருந்தால், முழுவதும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைக்கலாம். செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும். உதிர்வதை மெதுவாகத் தேய்த்து எடுத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். அடியிலுள்ள பழைய பூச்சு பெரும்பாலும் தப்பிவிடும்.

சரி, எதைப் புதுப்பிக்கலாம்? 1950, 60-களில் உபரி ரைஃபிள்களை வாங்கி, முன்கட்டையை வெட்டிக் குறைத்து வேட்டைத் துப்பாக்கியாக்குவது அமெரிக்காவில் சாதாரணம். அப்படி வெட்டி வார்னிஷ் அடித்ததில் காப்பாற்ற மிச்சம் எதுவும் இல்லை. பழைய கட்டை தேடிப் பொருத்துங்கள், அல்லது பிடித்த மாதிரி மெருகேற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பொதுமக்களிடம் துப்பாக்கிச் சுடும் பயிற்சியை வளர்க்கும் சிஎம்பி அமைப்பு விற்கும் கராண்டுகளில் புத்தம் புதுக் கட்டை போட்டு வருபவையும் உண்டு. அந்த மரத்தில் கை வைக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆளி விதை எண்ணெய் தேய்த்தால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்துவிட்டு அப்புறம் வீசுங்கள்.

கழற்றிய பழைய திருகு, பட்டை, உடைந்த மரத் துண்டு எதையும் குப்பையில் போடாமல் ஒரு பையில் போட்டு, எதை எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னாளில் விற்கும்போது அந்தப் பையையும் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.